துருவை யாரிடம் தள்ளிவிடுவது?



இந்த முறை விரதம், விழா எதையும் பற்றி எழுதப் போவதில்லை. ஒரு பழைய காடியின் அடிவயிற்றைப் பற்றி எழுதப் போகிறேன். "இதுக்கும் சமயத்துக்கும் என்னா சம்பந்தம் அண்ணே?" என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நம்மில் பலருக்கு வாழ்க்கையில் முதன்முதலாகப் பெரிய தொகை கைமாறுவது செகண்ட் ஹேண்ட் காடி வாங்கும்போதுதான். நாம் எப்படிப்பட்டவர்கள் என்பதும் அங்கேதான் முதலில் தெரியவரும்.

ஓர் இளைஞனை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். அவன் தாத்தா சுங்கை சிப்பூட் பக்கம் பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறியதும் அப்பா குடும்பத்தோடு ஈப்போ புந்தோங்கில் வந்து குடியேறினார். பையனுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. இரண்டு வருஷம் சேர்த்த காசோடு அம்மாவின் சீட்டுப் பணத்தையும் போட்டு, 11,000 வெள்ளிக்கு ஒரு பழைய மைவி வாங்குகிறான். சாயம் பளபளவென்று இருக்கிறது. சீட் கவர் புதுசு. கோவிலுக்குக் கொண்டுபோய்ப் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து வீட்டுக்கு ஓட்டிவருகிறான்.

மூன்று வாரம் கழித்து எண்ணெய் மாற்றப் பட்டறைக்குப் போகிறான். போமன் காடியை மேலே ஏற்றி, அடியில் இருந்த கறுப்புப் பூச்சை ஸ்குரூடிரைவர் பிடியால் ஒரு தட்டுத் தட்டுகிறார். 'டங்' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'பொத்' என்று கேட்கிறது. இன்னொரு தட்டுக்குப் பூச்சு தகடு தகடாக உதிர்கிறது. கதவுக்குக் கீழே ஓடும் அடிச்சட்டத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை.

உடனே மூன்று பேர் மூன்று யோசனை சொல்கிறார்கள்.

ஒருத்தர்: "சும்மா ஓட்டு லா. பழைய காடின்னா துரு இருக்கத்தான் செய்யும்."

இன்னொருத்தர்: "வித்தவன்கிட்ட போயி கேளு."

மூன்றாமவர்: "கொஞ்சம் காசு செலவு பண்ணு. ஓட்டையில பட்டி பூசி, மேல மறுபடியும் கறுப்பு அடிச்சிட்டு வேற யார் தலையிலயாவது கட்டிடு. உன்ன ஏமாத்துனாங்கல்ல? நீ மட்டும் எதுக்கு நஷ்டப்படணும்?"

மூன்றாமவர் கெட்டவர் இல்லை. பையன் மேல் இருக்கிற அக்கறையில்தான் சொல்கிறார். அதனாலேயே அவர் பேச்சு எடுபடுகிறது. நாம் யோசிக்க வேண்டிய கேள்வியும் அதில்தான் இருக்கிறது. ஏமாந்தவனுக்கு ஏமாற்றும் உரிமை வந்துவிடுகிறதா?

துரு என்பது என்ன?

பதில் தேடுவதற்கு முன்னால் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம். விஷயம் தெரியாமல் தர்மம் பேசினால் வெறும் உபதேசமாகப் போய்விடும்.

இரும்பு, நீர், காற்றில் உள்ள ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. உப்பு கலந்தால் வேகம் கூடும். லுமுட், பந்தாய் ரெமிஸ், பாகான் டத்தோ போன்ற கடலோர ஊர்களில் காற்றிலேயே உப்பு இருக்கிறது. தைப்பிங் பக்கம் மழை நிற்பதே இல்லை. தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடிய காடியின் இடுக்குகளில் மண் அப்பிக்கொள்ளும். அந்த மண் ஈரத்தை விடாமல் பிடித்துவைத்திருக்கும். 2014 டிசம்பரில் கிழக்குக் கரையிலும், 2021 டிசம்பரில் ஷா ஆலாம் வட்டாரத்திலும் வந்த வெள்ளத்தில் எத்தனையோ வாகனங்கள் மூழ்கின. வெள்ளத்தில் கிடந்த காடியின் உட்பக்கத்தைத் துடைத்து வாசனை அடித்துவிடலாம். அடிச்சட்டத்துக்குள் புகுந்த சேற்றைத் துடைப்பது அவ்வளவு சுலபம் இல்லை.

துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால்தான் சாயம் கொப்புளம் கொப்புளமாக எழும்புகிறது. வெளியே ஐம்பது காசு அளவுக்குக் கொப்புளம் தெரிந்தால் உள்ளே அதைவிடப் பெரிய இடம் போயிருக்கும் என்று பட்டறைக்காரர்கள் சொல்வதற்குக் காரணம் உண்டு. அடிச்சட்டம் பெட்டி மாதிரி மூடியிருப்பதால் தண்ணீர் வடிய அதில் சிறு துவாரங்கள் வைத்திருப்பார்கள். அவை மண்ணால் அடைபட்டால் பெட்டி உள்ளிருந்து அரிக்க ஆரம்பிக்கும்.

எல்லாத் துருவும் ஒன்று கிடையாது. மேலோட்டமாகப் படிந்த செம்பழுப்பு நிறம் பயப்பட வேண்டிய ஒன்றல்ல. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துருமாற்றி திரவம் தடவி, பிரைமர் அடித்துச் சாயம் பூசினால் போதும். அடுக்கடுக்காக உரிந்து வருவது இரண்டாவது நிலை. இரும்பு மெலிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஓட்டை விழுந்தது மூன்றாவது நிலை. நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். பட்டி பூசினால் ஓட்டை மறையும், பலம் திரும்பாது.

இது வெறும் அழகுப் பிரச்சினையும் இல்லை. இன்றைய காடிகளுக்குத் தனியாகச் சட்டகம் கிடையாது. உடம்பே எலும்பு. அடிச்சட்டமும் தரைத்தகடும் பக்கவாட்டில் இன்னொரு வாகனம் மோதும்போது உள்ளே இருப்பவர்களைக் காக்கின்றன. இருக்கைவார் மாட்டப்பட்டிருப்பதும் இந்த உடம்பில்தான். பிரேக் எண்ணெய் போகும் இரும்புக் குழாய்கள் பல காடிகளில் அடிப்பக்கமாகத்தான் ஓடுகின்றன. அதில் ஒன்று அரித்துப்போய், ஒருநாள் அவசரத்துக்கு அழுத்தி மிதிக்கும்போது வெடித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஒரே டின், இரண்டு வேலை

இப்போது அந்தக் கறுப்புப் பூச்சுக்கு வருவோம். அண்டர்கோட் தன்னளவில் நல்ல பொருள். சுத்தமான இரும்பின் மேல் அடித்தால் கல்லும் தண்ணீரும் படாமல் காக்கும். துருவின் மேலேயே அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டிவிடும். மேலே பார்க்க அழகாக இருக்கும், உள்ளே அரிப்பு தொடரும். வெடிப்பு விட்டால் இன்னும் மோசம்.

ஒரே டின், ஒரே பிரஷ், ஒரே ஆள். ஒரு நாள் அது பராமரிப்பு, இன்னொரு நாள் மோசடி. வித்தியாசம் எதில் இருக்கிறது? இரண்டு கேள்வி கேட்டால் தெரிந்துவிடும். அடிப்பதற்கு முன்னால் துருவை எடுத்தார்களா? அடித்த பிறகு வாங்க வந்தவரிடம் சொன்னார்களா? முதல் கேள்விக்கு இரும்பு பதில் சொல்லும். இரண்டாவது கேள்விக்கு மனுஷன்தான் பதில் சொல்ல வேண்டும்.

"நான் பொய் ஒண்ணும் சொல்லலையே. அவன் கேக்கல, நான் சொல்லல" என்பார்கள். இது வலுவான வாதம் மாதிரித்தான் தோன்றும். ஆனால் கறுப்பு அடித்தவர் சும்மா இருக்கவில்லை. பார்க்க வருகிறவரின் கண்ணுக்கு அவர் ஏற்கெனவே ஒரு பதிலைத் தயாரித்து வைத்துவிட்டார். கைதான் பேசியது, வாய் பேசவில்லை. அவ்வளவுதான்.

சட்டம் சொல்லும் குதிரைக் கதை

நம் நாட்டு 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆவது பிரிவு மோசடி என்றால் என்ன என்று விளக்குகிறது. ஒரு குறை தெரிந்திருந்தும் அதை வேலை மெனக்கெட்டு மறைத்தால் மோசடி. சும்மா பேசாமல் இருப்பது பொதுவாக மோசடி ஆகாது. இதற்கு உதாரணமாக அந்தப் பிரிவில் ஒரு நோய்க்குதிரை வருகிறது.

ஒருவர் ஏலத்தில் குதிரை விற்கிறார். அதற்குக் கோளாறு இருப்பது அவருக்குத் தெரியும். வாங்குகிறவரிடம் எதுவும் சொல்லவில்லை. சட்டப்படி இது மோசடி இல்லை. ஆனால் வாங்குவது இப்போதுதான் வயதுக்கு வந்த அவருடைய சொந்த மகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அவர் சொல்லியே ஆக வேண்டும். அந்த உறவே அவர் மேல் ஒரு கடமையைச் சுமத்துகிறது. மூன்றாவதாக இன்னொரு நிலைமை. "நீங்க மறுக்கலேன்னா குதிரை நல்லா இருக்குன்னு எடுத்துக்குவேன்" என்று வாங்குகிறவர் சொல்கிறார். விற்பவர் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

இந்த மூன்று கதைகளிலும் குதிரை மாறவே இல்லை. மாறியது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையில் இருந்த நம்பிக்கை. மகளிடம் சொல்லியே ஆக வேண்டியதை அந்நியரிடம் மறைக்கலாம் என்பது சட்டம் போட்ட கோடு. சட்டம் எங்காவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். அதே இடத்தில் தர்மமும் நின்றுவிடுகிறதா?

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ரோமாபுரியில் இந்தக் கேள்வி வந்திருக்கிறது. சிசரோ தன் மகனுக்கு எழுதிய கடமைகள் பற்றிய நூலில் ஒரு வழக்கைச் சொல்கிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். ஒரு வணிகர் கப்பல் நிறையத் தானியத்தோடு வந்து சேர்கிறார். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வந்துகொண்டிருப்பது அவருக்கு மட்டும் தெரியும். சொன்னால் விலை இறங்கிவிடும். சொல்ல வேண்டுமா? டயோஜெனிஸ் என்ற அறிஞர், சட்டம் கேட்கும் குறைகளைச் சொன்னால் போதும் என்கிறார். அவருடைய மாணவர் ஆன்டிபேட்டரோ, எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்கிறார். சிசரோ மாணவர் பக்கம் சாய்கிறார். வெறுமனே பேசாமல் இருப்பது வேறு, அடுத்தவருக்குத் தெரிய வேண்டியதை நம் லாபத்துக்காகத் தெரியாமல் வைப்பது வேறு என்பது அவர் கணக்கு.

'தம்பி' என்று கூப்பிட்ட பிறகு

அந்த மகள் கதையில் நமக்கென்றே ஒரு பாடம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

ஈப்போவில் நம்மவர் ஒருவர் இன்னொருவரிடம் காடி விற்கும்போது என்ன பேசுகிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? "வாங்க தம்பி." "ஒங்க அப்பா எந்தத் தோட்டம்?" "அட, நம்ம ஆளு!" "உனக்காகத்தான் தம்பி இந்த விலை, வேற ஆளுக்குன்னா குடுக்கவே மாட்டேன்." பையனும் "நீங்க சொன்னா சரிதாண்ணே" என்கிறான். காடிக்கு அடியில் அவன் குனிந்துகூடப் பார்ப்பதில்லை. ஏன்? அண்ணன் சொல்லிவிட்டாரே.

அந்நியருக்கு நடுவில் நிற்க வேண்டிய வியாபாரத்தை இந்த ஒரு சொல் குடும்பத்துக்குள் இழுத்துவந்துவிடுகிறது. உறவுச் சொல்லால் கிடைக்கிற நம்பிக்கையை எடுத்துக்கொண்டு, உறவுக்குரிய கடமையை மட்டும் வாசலில் விட்டுவிட்டு வர முடியாது. 'தம்பி' என்று கூப்பிட்டவர் தம்பியிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லியாக வேண்டும். சட்டத்தின் மகள் இருந்த இடத்தில் இப்போது இந்தப் பையன் நிற்கிறான். அவனை அங்கே கொண்டுபோய் நிறுத்தியவர் விற்பவர்தான்.

மலாய்க்காரர், சீனர் வாங்க வந்தால் மறைக்கலாமா என்று கேட்டுவிடாதீர்கள். மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில் துலாதாரன் என்று ஒரு வியாபாரி வருகிறார். காசியில் கடை வைத்திருந்தவர். ஜாஜலி என்ற முனிவர் தலைமுடியில் குருவி கூடு கட்டி முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் வரைக்கும் அசையாமல் தவம் நின்றார். நின்றுவிட்டு, என்னைப்போல் தர்மவான் உண்டா என்று பெருமைப்பட்டார். துலாதாரனுக்கு நீ ஈடாக மாட்டாய் என்று ஓர் அசரீரி சொன்னது. முனிவர் கடைத்தெருவுக்குத் தேடிப்போனார். அங்கே அந்த வியாபாரி சொன்னதன் சாரம் இதுதான்: என் தராசு எல்லா உயிருக்கும் ஒரே மாதிரி நிற்கும், நான் வஞ்சகம் இல்லாமல் வாங்கி விற்கிறேன். அவர் பெயருக்கே தராசு பிடிப்பவர் என்றுதான் பொருள். ஆள் பார்த்துச் சாயும் தராசைத் தராசு என்று சொல்ல முடியுமா?

வள்ளுவரும் நடுவு நிலைமை அதிகாரத்தை வணிகரை வைத்தே முடிக்கிறார். பிறர் பொருளையும் தன் பொருளைப்போல் பேணுவதுதான் நல்ல வாணிகம் என்கிறார். அதிகாரத் தலைப்பைக் கவனியுங்கள். நீதிபதிக்குச் சொல்ல வேண்டிய பண்பை அவர் வியாபாரிக்கும் சொல்லியிருக்கிறார். காடி விற்கிற நிமிஷத்தில் நீங்களும் ஒரு நீதிபதி. ஒரு தட்டில் உங்கள் லாபம், இன்னொரு தட்டில் முகம் தெரியாத ஒருவரின் உயிர்.

"நான் மட்டும் ஏன் நஷ்டப்படணும்?"

இப்போது மூன்றாமவரின் கேள்வியை நேராகப் பார்ப்போம். இதில் நியாயம் இருக்கிறது. பையன் தப்பு ஒன்றும் செய்யவில்லை. உண்மையைச் சொல்லி விற்றால் சில ஆயிரம் வெள்ளி குறையும். ஷிப்ட் வேலை செய்கிறவனுக்கு அது பல மாதச் சேமிப்பு. "தர்மத்துக்காக விட்டுடு" என்று நாற்காலியில் உட்கார்ந்து எழுதுவது எனக்குச் சுலபம்.

அதனால் ஓர் எளிய உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பசாரில் உங்கள் கைக்கு ஒரு கள்ள 50 வெள்ளி நோட்டு வந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால்தான் தெரிகிறது. நீங்களும் ஏமாந்தவர்தான். அதை ரொட்டி சானாய் கடைக்காரரிடம் தள்ளிவிடலாமா? கூடாது என்று உடனே சொல்வீர்கள். தெரிந்தே கள்ள நோட்டை மாற்றுவது குற்றம். கடைக்காரர் உங்களை ஏமாற்றவில்லை. அவர் ஏன் நஷ்டப்பட வேண்டும்?

நஷ்டத்தைத் தள்ளிவிட இரண்டு திசை உண்டு. ஒன்று பின்னால், அதாவது நம்மிடம் தள்ளியவரை நோக்கி. மற்றொன்று முன்னால், ஒன்றும் அறியாத அடுத்தவரை நோக்கி. பின்னால் தள்ளுவதற்கு நியாயம் கேட்பது என்று பெயர். அதை முழு மூச்சோடு செய்யலாம், செய்யவும் வேண்டும். முன்னால் தள்ளும்போது நம்மை ஏமாற்றியவர் வேலையை நாம் அவருக்குச் சம்பளம் இல்லாமல் செய்து கொடுக்கிறோம். அவருக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. இன்னொரு அம்மாவின் சீட்டுப் பணம்தான் போகிறது.

ஒரு வித்தியாசத்தையும் மறக்கக் கூடாது. நமக்கு விற்றவருக்கே ஒருவேளை துரு இருந்தது தெரியாமல் இருந்திருக்கலாம். ஹாயிஸ்டில் காடி ஏறிய அந்த நிமிஷத்திலிருந்து நமக்குத் தெரியும். தெரிந்துகொண்டவர்கள் கையில்தான் இந்தச் சங்கிலி அறுபட முடியும்.

"வாங்குறவன் தலையெழுத்து, அவன் கர்மா" என்று சொல்கிறவர்களும் உண்டு. சமயத்தைப் படிக்கிற நமக்கு இது கொஞ்சம் வலிக்க வேண்டும். கர்மா என்ற சொல்லுக்கே செயல் என்றுதான் பொருள். அடுத்தவர் படப்போகிற கஷ்டத்துக்கு முன்கூட்டியே கணக்கு எழுதிவைக்க நமக்கு அந்தச் சொல் கொடுக்கப்படவில்லை. நாம் செய்வதற்கு நாமே பொறுப்பு என்று நினைவுபடுத்தத்தான் கொடுக்கப்பட்டது. பட்டி பூசுகிற கை நம்முடையது. அந்தச் செயலும் நம் கணக்கில்தான் ஏறும்.

எவ்வளவு சொல்ல வேண்டும்?

ஒவ்வொரு கீறலையும் பட்டியல் போட வேண்டுமா? தேவையில்லை. வாங்குகிறவர் கண்ணுக்கே தெரிவதை நாம் சொல்ல வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று, தெரிந்திருந்தால் அவர் வாங்கியிருக்கமாட்டார் அல்லது குறைத்துக் கேட்டிருப்பார் என்றால், அதைச் சொல்ல வேண்டும்.

இன்னும் ஒரு படி இருக்கிறது. பிரேக் குழாய் அரித்திருந்தால், இருக்கைவார் மாட்டிய இடம் உளுத்திருந்தால், சொல்லிவிட்டு விற்பதும் போதாது. "பரவால்லண்ணே, விலையைக் குறைச்சிக் குடுங்க, நான் பாத்துக்கிறேன்" என்று வாங்குகிறவர் சம்மதிக்கலாம். பின்சீட்டில் உட்காரப்போகிற அவருடைய பாட்டி சம்மதிக்கவில்லை. எதிரே மோட்டார்சைக்கிளில் வருகிறவரும் சம்மதிக்கவில்லை. அந்த மாதிரிக் காடியைப் பழுது பார்த்துவிட்டு விற்க வேண்டும். முடியாவிட்டால் பழைய இரும்புக்குப் போட வேண்டும்.

வாங்குகிறவருக்கும் கடமை உண்டு

பழியை முழுக்க விற்பவர் மேலேயே போட்டுவிட்டுப் போக மாட்டேன். நாம் காடி பார்க்கப் போனால் எதைப் பார்க்கிறோம்? ஸ்போர்ட் ரிம், பாட்டுப் பெட்டி, நம்பர் பிளேட் கூட்டுத்தொகை. ஆராயாமல் நம்புவதும், நம்பிய பிறகு சந்தேகப்படுவதும் தீராத துன்பம் தரும் என்று தெரிந்துதெளிதல் அதிகாரத்தில் வள்ளுவர் எச்சரித்திருக்கிறார். சந்தேகத்தை முதலிலேயே தீர்த்துக்கொண்டால் விற்பவரோடு உறவும் கெடாது.

பகலில் போய்ப் பாருங்கள், மழையில் வேண்டாம். தரைவிரிப்பைத் தூக்கி ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். ஸ்பேர் டயரை எடுத்துவிட்டு அந்தக் குழியைப் பாருங்கள். ஜாக்கி வைக்கும் இடம், பின்சக்கர வளைவு, கதவின் அடி விளிம்பு மூன்றையும் விடாதீர்கள். சின்னக் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துப்போங்கள். பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டாது. பழைய காடிக்கு அடியில் கறுப்பு மட்டும் புத்தம் புதுசாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். பட்டறைக்குக் கொண்டுபோய்த் தூக்கிப் பார்க்க விற்பவர் சம்மதிக்காவிட்டால் அதுவே ஒரு பதில்தான்.

"புஸ்பகோம்ல பாஸ் ஆயிருச்சே" என்பார்கள். பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனை தேவையான ஒன்றுதான். ஆனால் அன்றைக்குப் பார்வையில் பட்டதைத்தான் அது சொல்லும். பூச்சைச் சுரண்டிப் பார்த்து உத்தரவாதம் தருவது அதன் வேலை கிடையாது.

அந்த குதிரைக் கதையின் மூன்றாம் பகுதியையும் பயன்படுத்துங்கள். நேராகக் கேளுங்கள்: "அண்ணே, அடியில துரு, வெல்டிங், வெள்ளத்துல போனது ஏதாச்சும் இருக்கா? இல்லேன்னா ரசீதுல எழுதிக் குடுங்க." இப்படிக் கேட்ட பிறகு மௌனத்துக்கு இடமில்லை.

துரு தெரிந்துவிட்டால்

ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதா? முதலில் காடியைத் தூக்கிப் படம் எடுங்கள். போமனிடம் என்ன கோளாறு, என்ன செலவு என்று எழுத்தில் வாங்குங்கள். விற்றவரிடம் மரியாதையாகப் போய்ப் பேசுங்கள். அவருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம்.

விற்றது வியாபாரியாக இருந்தால் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்று 32ஆவது பிரிவு சொல்கிறது. விலையும் மற்ற சூழ்நிலைகளும் கணக்கில் எடுக்கப்படும். எனவே பழைய காடியில் புதுக் காடியின் தரத்தை எதிர்பார்க்க முடியாது. வாங்குவதற்கு முன்பே குறிப்பாகச் சுட்டிக்காட்டிய குறைக்கு வியாபாரியைப் பிடிக்க முடியாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. உண்மையைச் சொன்னவருக்குச் சட்டமே குடை பிடிக்கிறது, பாருங்கள்! பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. தனியாள் தனியாளுக்கு விற்றதற்கு இந்தத் தீர்ப்பாயம் பொருந்தாது. அங்கே ரசீதில் எழுதியதும், மறைத்தது வேண்டுமென்றேதான் என்பதற்கான சான்றும் கைகொடுக்கும்.

பழுது பார்க்கும்போது மறைக்கச் சொல்லாதீர்கள். வெட்டி வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். வேலை முடிந்த பிறகு அடிச்சட்டத்துக்குள் மெழுகு அடித்து, வடிகால் துவாரங்களைத் திறந்து வையுங்கள். அந்தப் பட்டறை ரசீதைப் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு நீங்கள் விற்கும்போது அதை எடுத்துக் காட்டி, "இங்க துரு இருந்துச்சு, இப்படிச் செஞ்சேன்" என்று சொல்லலாம். அப்படிப்பட்ட ரசீது வாங்குகிறவர் மனசில் என்ன செய்யும் என்று யோசியுங்கள்.

நம்பிக்கைதான் முதல்

பேராக் இளைஞர்களுக்கு இன்னொன்றையும் நினைவுபடுத்துகிறேன். வெள்ளைக்காரர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு நம்மவர்கள் லயத்தையும் வேலையையும் இழந்துகொண்டிருந்த காலத்தில், சுங்கை சிப்பூட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டும் தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து சிறு தொகைகளைத் தவணையாகக் கட்டிப் பங்கு சேர்ந்தார்கள். அந்தப் பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. அன்று அந்தத் தொழிலாளர்களிடம் என்ன மூலதனம் இருந்தது? நாம் கொடுக்கும் காசு சொன்ன காரியத்துக்குத்தான் போகும் என்ற நம்பிக்கை இருந்தது. அதை வைத்தே தோட்டம் வாங்கினார்கள்.

இன்று, "நம்ம ஆளுகிட்ட மட்டும் காடி வாங்காதே" என்று நம்மவர்களே பேசுவதைக் கேட்கிறோம். அந்தப் பேச்சு காற்றிலிருந்து வரவில்லை. பட்டி பூசி விற்ற ஒவ்வொரு காடியும் அந்தப் பேச்சுக்கு ஒரு வார்த்தை சேர்த்திருக்கிறது. உண்மையைச் சொல்லி விற்கும் ஒவ்வொரு காடியும் அதில் ஒரு வார்த்தையை அழிக்கும்.

எனவே நம் கிளைகளுக்கு ஒரு வேண்டுகோள். நம் உறுப்பினர்களில் போமன்கள் இருக்கிறார்கள், வெல்டிங் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். வரும் ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயிறு அன்று ஒரு பட்டறையைக் கேட்டு வாங்கி, வட்டாரத்துப் பிள்ளைகளின் காடிகளை இலவசமாகத் தூக்கிப் பார்த்துக் கொடுங்கள். வாங்கப் போகிற தம்பி ஒருவனுக்குத் துணையாக ஒரு அண்ணன் போய் வரட்டும். விற்கப்போகிறவரின் குறைகளை ஒரு தாளில் எழுத உதவுங்கள். சந்தனமும் குங்குமமும் வைக்கிறோமே, அந்தக் கருவிக்குச் செய்கிற முதல் மரியாதை அதன் உண்மை நிலையைத் தெரிந்துகொள்வதுதான். ஒரு டார்ச் லைட், ஒரு காந்தம், ஒரு கம்பி பிரஷ். ஆரம்பிக்க இவ்வளவு போதும்.